செலவாகாத தங்கம்

என் வீட்டுக்காரி சாகும்போது மையத்துக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய் நாற்பது காசு கடன் வைத்துவிட்டுப் போனாள். தங்கத்துக்கான கடன். உயிரோடு இருந்தவரைக்கும் அவள் உடம்பில் பொட்டுத் தங்கம் கிடையாது. காதில் கிடந்ததுகூடப் பித்தளைதான். மண்ணுக்குள் போன பிறகு அவளிடம் தங்கம் இருக்கிறது என்று மையம்தான் எனக்கு எழுதித் தெரிவித்தது.

நான் தார் ரோடு போடுகிறவன். அவளும் என்னோடுதான் வேலை பார்த்தாள், ஜல்லி சுமப்பாள். ஜல்லிக் குவியலுக்குள் கிடந்த ஒரு துருக்கம்பி அவள் கெண்டைக்காலைக் கிழித்தது. சின்னக் கிழிசல்தான். ஆறவேண்டிய புண் ஆறாமல் வளர்ந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிறகு வேறு ஊசி, பிறகு விலை கூடின ஊசி. கடைசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இந்தக் கிருமிக்கு எல்லா மருந்தும் பழகிப்போச்சு. நாம போடப் போட அது சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. நீங்க மையத்துக்குப் போயிடுங்க."

மையம் என்றால் புது வைத்தியம் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி மையம், சாதாரண இடமில்லை. வாசல் கண்ணாடிக் கதவு ஆளைக் கண்டாலே தானாகத் திறக்கும். அதற்கு அப்பால் இருக்கிற எந்தக் கதவும் கையெழுத்து இல்லாமல் திறக்காது. அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கிச் சொன்னது.

"தங்கத்தைத் தூசியிலும் தூசியாப் பொடிச்சு வச்சிருக்காங்கண்ணே. அதைப் புண்ணுல தெளிப்போம். அது போய் கிருமி மேல ஒட்டிக்கும். அப்புறம் அதுக்குன்னே இருக்கிற ஒரு விளக்கைக் காட்டினா தங்கம் சூடாகும், கிருமி வெந்து செத்துடும். சூட்டுக்கு எந்தக் கிருமியும் பழக முடியாது. அளவாக் காட்டினா சதைக்கு ஒண்ணும் ஆகாது."

"தங்கம்னா ரொம்பச் செலவாகுமே தாயி?"

"சிகிச்சை இலவசம்ணே."

தெளித்தார்கள். புண் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆனது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தாயி, பீட்ரூட் தண்ணி மாதிரி இருக்கு? தங்கம்னீங்க?"

"ரொம்பச் சின்னதாப் பொடிச்சா தங்கம் சிவந்துடும்க்கா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பாத்துக்கங்க. கழுத்துக்குத்தான் ஆசைப்பட்டேன். காலுக்கு வந்திருக்கு."

அன்றைக்கு அவள் சிரித்ததுதான் கடைசிச் சிரிப்பு என்று எனக்குத் தெரியாது. சரி, இனி விளக்கைப் போடுவார்கள் என்று காத்திருந்தோம். விளக்கு வார்டு மூலையில், துணி போர்த்தி, ஒரு பட்டு நாடா கட்டி நின்றது. திறப்பு விழா ஆகாத கருவியை யாரும் தொடக்கூடாதாம். விழாவுக்கு ஒரு நோயாளி தங்கத்தோடு தயாராக இருக்க வேண்டும் என்பதால்தான் முன்கூட்டியே தெளித்திருக்கிறார்கள். அவள் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. 'தயார் நிலையில்' என்று எழுதியிருந்தது.

விழா நடந்தது. விளக்கை மேடையில் சபையைப் பார்த்து வைத்தார்கள். அவளைச் சக்கரக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து மேடை ஓரம் நிறுத்தினார்கள். நானும் அவள் தம்பியும், அதாவது முடி வெட்டுகிற என் மச்சினனும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிறப்பு விருந்தினர் வந்து நாடாவை வெட்டி சுவிட்சை அழுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கைதட்டல் அங்கங்கே குறைந்து நின்றுபோனது.

"எரியலையே?" என்றார் விருந்தினர்.

மையத்து இயக்குநர் ஓடி வந்தார். "எரியுதுங்க ஐயா. இது கண்ணுக்குத் தெரியாத ஒளி."

"யார் கண்ணுக்கு?"

"எல்லார் கண்ணுக்கும்ங்க ஐயா."

"அப்ப நான் எதைத் திறந்து வச்சேன்?"

முன்வரிசையில் விளக்குக்கு நேராக உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரிக்கு மட்டும் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. போட்டோக்காரர் தன் கருவியைப் பார்த்துவிட்டு, படத்திலும் வெளிச்சம் இல்லை என்று தலையை ஆட்டினார். விருந்தினர் மைக்கைப் பிடித்தார்.

"விஞ்ஞானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மக்களுக்குத் தெரியாத வெளிச்சத்தால் மக்களுக்கு என்ன பயன்? முதலில் தெரிகிற மாதிரி செய்யுங்கள். பிறகு நான் வந்து திறக்கிறேன்."

அவர் போய்விட்டார். விழா நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். வெட்டின நாடாவை நர்ஸம்மாவே ஊசி நூலால் தைத்து விளக்குக்குத் திரும்பக் கட்டிவிட்டது. இயக்குநர் சுவிட்சைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு குழு அமைத்தார்கள். விளக்கோடு கண்ணுக்குத் தெரிகிற ஒரு பல்பைச் சேர்ப்பது, அதை என்ன நிறத்தில் சேர்ப்பது என்று முடிவுசெய்கிற குழு. ஒருவர் நீலம் என்றார். நீலம் சாவை நினைவூட்டுகிறது என்றார் இன்னொருவர். பச்சை போட்டால் போக்குவரத்துத் துறை ஆட்சேபிக்கும் என்றார்கள். இதெல்லாம் நடக்கும்போது குழு அறைக்கு வெளியே பெஞ்சில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். உள்ளேயிருந்து காலி டம்ளர்தான் வரும்.

வார்டுக்குத் திரும்பினால் அவள் கண்ணைத் திறக்காமலே கேட்பாள்.

"விளக்கு போட்டாங்களா?"

"போட்டுடுவாங்க."

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. புண்ணுக்குள் தங்கம் இருந்தது, அதை எழுப்பும் விளக்கு கைக்கெட்டும் தூரத்தில் துணி மூடி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பூட்டு. நான் இயக்குநரின் அறைக்குப் போய்க் காலில் விழப்போனேன். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார்.

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. திறப்பு விழாவுக்கு முந்தியே அவங்க குணமாயிட்டா, அப்புறம் விழாவுல நாங்க யாரைக் குணப்படுத்துறது?"

"வேற ஆளைப் பாத்துக்கக் கூடாதாங்க ஐயா?"

"தங்கம் ஒருத்தருக்குத்தான் அனுமதி. இந்த மையத்தில் சிகிச்சை பெற்று இறந்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது, தெரியுமா? ஏனென்றால் எதற்கும் தயாராகாமல் நாங்கள் சிகிச்சையைத் தொடங்குவதே இல்லை."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மேடைக்குப் போய்விட்டது.

ஊதா நிறம் என்று குழு முடிவுசெய்த மத்தியானத்தில் அவள் போய்விட்டாள். நர்ஸம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊதா சொல்லிட்டாங்கண்ணே, நாளைக்கு பல்பு வாங்கிடுவாங்கண்ணே" என்றது. பிறகுதான் கட்டிலைப் பார்த்தது.

விழாவுக்குத் தயாராக இருக்கிற நோயாளி இறந்துவிட்டார் என்று எழுத அங்கே வழியில்லை. அதனால் 'தற்காலிகமாக வெளியே சென்றுள்ளார்' என்று எழுதி அவளை என்னிடம் கொடுத்தார்கள். அவளைக் கொண்டுபோய் இடுகாட்டில் புதைத்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. மண் தார் மாதிரிக் காலில் ஒட்டியது.

அவள் துணிமணி, தட்டு என்று மையத்தில் விட்டுவந்த சாமான்களை எடுத்துவரப் போனேன். அங்கே பார்த்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவள் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். தலையணையில் தலை வைத்த மாதிரி ஒரு பள்ளம். ஸ்டூலில் ஆவி பறக்கும் கஞ்சி. 'தயார் நிலையில்' அட்டை அப்படியே தொங்கியது. நர்ஸம்மா கட்டிலருகே, காற்றில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நாடி பார்க்கிற மாதிரி நின்றது. என்னைக் கண்டதும் அழுதது.

"என்ன தாயி இது?"

"அவங்க இன்னும் உள்நோயாளிதாண்ணே. காலையில காய்ச்சல் பாத்து எழுதணும். எழுதாட்டி எனக்கு மெமோ வரும்."

"என்னன்னு எழுதுறே?"

"குறைஞ்சிட்டு வருதுன்னு எழுதுறேண்ணே."

கஞ்சி ஆறும்வரை நின்றேன். யாரும் குடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்குமோ என்று பயமாக இருந்ததால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் படுக்கிற பக்கம் பாயை நான் விரிப்பதில்லை. விரிக்காத இடத்தில் தரை சூடாக இருந்தது. காலை நீட்டினால் என் பக்கம் சில்லென்று இருக்கும், அவள் பக்கம் தார் போட்டு ஆறின ரோடு மாதிரி ஒரு வெதுவெதுப்பு. நான் சூட்டில் பிழைக்கிறவன், சூடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சாதாரணமாகக் கேட்கும், "விளக்கு போட்டாங்களா?" என்று. அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பதில் வந்தால் போதும் என்கிற மாதிரி. என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் மையத்துக் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், மெதுவாகத்தான் போவேன். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் நன்றாகக் குத்தியது. ஒளி காட்டப்பட்டால்தான் தங்கம் சிகிச்சையில் செலவானதாகக் கொள்ளப்படும். செலவாகாத தங்கம் மையத்தின் சொத்து. அந்தச் சொத்து ஒரு கலனுக்குள் வைத்து வெளியே எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன தொகையைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கலன் மீட்கப்படும்.

மச்சினனிடம் காட்டினேன். "கலன்னா என்னடா?"

அவன் இரண்டு முறை படித்தான். கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்தான். "அக்காவைச் சொல்றாங்க மாமா."

மழைக்காலத்தில் தார் வேலை கிடையாது. தன் கடையில் இருக்கிற சுழல் நாற்காலியை விற்றுவிடலாம் என்றான் மச்சினன். "நின்னுக்கிட்டே முடி வெட்டிக்கச் சொல்வேன் மாமா. குட்டையான ஆளுங்களா வந்தா சரி." அவனைத் திட்டி உட்காரவைத்துவிட்டு மையத்துக்குப் போனேன்.

கையிருப்பு அலுவலரின் அறை நிலவறையில் இருந்தது. இருமிக்கொண்டே வெந்நீர் குடிக்கிற, மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். எழுந்து நின்று கைகுவித்தார்.

"உங்க மனைவியைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டேன். நாங்க கேக்கறது எங்க சரக்கை மட்டும்தான்."

"அது அவ காலுக்குள்ள இருக்குங்க ஐயா."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். நமக்குள்ள கருத்து வேறுபாடே இல்லை, பாத்தீங்களா."

"பணம் இல்லைன்னா தோண்டிடுவீங்களா?"

"சேச்சே. தோண்டறதுன்னு நாங்க சொல்றதே இல்லை. மீட்புன்னுதான் சொல்வோம். எடுத்து, சரக்கைப் பிரிச்சிட்டு, மிச்சத்தை உங்ககிட்டயே ஒப்படைச்சிடுவோம். ரசீதோட."

மிச்சம் என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ அங்கயே இருக்கட்டும் ஐயா. உங்க தங்கம் எங்கயும் போகாது. அவ எங்க போகப்போறா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எங்கயும் போக மாட்டாங்களா? அப்படின்னு எழுதித் தருவீங்களா?"

எழுதித் தந்தேன். என் மனைவி எங்கும் போக மாட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். தினமும் வீட்டுக்கு வருகிறாளே.

அந்த ஒரு தாளை வைத்து மையம் அவள் குழியைத் தன்னுடைய கிளைக் கிடங்காக அறிவித்தது. போய்ப் பார்த்தால் சுற்றிலும் கயிறு கட்டி, தகரப் பலகை நட்டிருந்தார்கள். 'மையத்தின் சேமிப்பிடம். புகைபிடிக்கக் கூடாது. அனுமதியின்றி நுழையக் கூடாது.' அனுமதி கேட்கிற படிவம் வாங்கினேன். அதில் 'வருகையின் நோக்கம்' என்று ஒரு இடம். 'பார்க்க' என்று எழுதினேன். சரக்கை அலுவலர் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்று அடித்துவிட்டார்கள். 'அழ' என்று எழுதினேன். ஈரப்பதத்தால் சரக்கு கெடும் என்றார்கள். கடைசியில் 'சுத்தம் செய்ய' என்று எழுதின பிறகுதான் விட்டார்கள். கயிற்றைத் தாண்டிப் போய் என் மனைவி தலைமாட்டில் புல் பிடுங்கினேன்.

ஆனாலும் கடன் அப்படியேதான் நின்றது. கிடங்கு என்றால் சரக்கு இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விளக்கைக் காட்டினால் தங்கம் சூடாகும். சூடு ஏறினால் சரக்கு இருக்கிறது. ஏறாவிட்டால் காணாமல் போனதாக அர்த்தம், அப்போது மீட்பைத் தவிர வேறு வழியே இல்லை என்று அலுவலர் வருத்தத்தோடு சொன்னார். மண்வெட்டியோடு இரண்டு ஆட்களையும் முன்னேற்பாடாகக் கூட்டி வருவதாகவும் சொன்னார்.

சரிபார்க்க வந்த அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. மண் ஊறிப்போய்க் கிடந்தது. தள்ளுவண்டியில் விளக்கு வந்தது. துணியை எடுத்தார்கள். தைத்த நாடா அப்படியே இருந்தது. அலுவலர் அதைச் சாதாரணமாக அவிழ்த்து வண்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, பையிலிருந்து ஒரு சாவி எடுத்தார். பேட்டரியை மாட்டினார். நர்ஸம்மா மண்ணில் வெப்பமானியைக் குத்தி வைத்தது. மண்வெட்டிக்காரர்கள் பலகைமேல் சாய்ந்து நின்றார்கள்.

"சாவி இயக்குநர்கிட்டல்ல இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எந்தக் கருவிக்கும் ரெண்டு சாவிங்க. ஒண்ணு கையிருப்புல இருக்கும்."

"விழா ஆகாம விளக்கைப் போடக் கூடாதுன்னாங்களே?"

"சிகிச்சைக்குத்தான் கூடாது. சரக்கு எண்ணறதுக்கு விழா எதுக்கு?"

"அப்பவும் அந்தச் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சே. இதே பையில. யாரும் கேக்கலையே."

மச்சினன் என் தோளை இறுகப் பிடித்தான். நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. அவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அலுவலர் சுவிட்சை அழுத்தினார். சத்தமில்லை, வெளிச்சமில்லை. கயிற்றுக்குள் மழைநாள் சாம்பல் நிறத்தில் எல்லாம் இருந்தபடியே இருந்தது. நர்ஸம்மா குனிந்து பார்த்துத் தலையை ஆட்டியது. ஏறவில்லை. ஒரு மண்வெட்டிக்காரர் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்.

அவளிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டவனில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன். சூடாயிடு புள்ள. நீ ஜுரத்துல கிடந்தப்ப ஆறணும் ஆறணும்னு வேண்டுனேன். இப்ப கொஞ்சம் சூடாயிடு.

"ஏறுதுண்ணே" என்றது நர்ஸம்மா.

மண்ணிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது. முழங்கால் உயரத்துக்கு வந்து, காற்றே இல்லாத இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் பக்கம் திரும்பி நின்றது. மச்சினன் ஒரு அடி பின்னால் போனான்.

"எதைக் காட்டினாலும் ஈரமண்ணு சூடாகத்தானே செய்யும்?" என்று ஒரு மண்வெட்டிக்காரர் முணுமுணுத்தார்.

"ஆகும்" என்றார் அலுவலர். "ஆனா தங்கத்தால ஆகலைன்னு யாராவது நிரூபிக்க முடியுமா? சரக்கு சரியா இருக்கு." அவர் விளக்கை அணைத்துப் பூட்டினார். எழுத ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். நெற்றியைத் தேய்த்தார். "அடடா."

"என்னங்க ஐயா?"

"இப்ப தங்கத்துக்கு ஒளி காட்டிட்டோமே. ஒளி காட்டிட்டா அது செலவு. சரக்கு இருக்கான்னு பாக்கப் போய் சரக்கு தீர்ந்துபோச்சு."

உடனே இயக்குநருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் குடையோடு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மண்வெட்டிக்காரர்கள் இருவரையும் சபையாக வைத்துப் பேச ஆரம்பித்தார்.

"இன்று நம் மையத்தின் முதல் சிகிச்சை வெற்றிகரமாக நிறைவடைந்திருக்கிறது. தங்கம் சூடாகியிருக்கிறது. இந்த நோயாளியின் உடலில் இனி எந்தக் கிருமியும் அவருக்குத் தீங்கு செய்ய முடியாது என்று உறுதியாகச் சொல்வேன். சிகிச்சையின்போது அவர் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு புகாரும் இல்லை. இப்படிப்பட்ட ஒத்துழைப்பை மற்ற நோயாளிகளும் தந்தால் மையம் இன்னும் பல உயரங்களைத் தொடும்."

மண்வெட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டினால்தான் கூலி என்று நினைத்திருப்பார்கள்.

அலுவலர் என்னிடம் தாளை நீட்டினார். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய் நாற்பது காசை ஒரே கோடாக அடித்திருந்தார். பக்கத்தில் 'சிகிச்சையில் செலவு, வரவேண்டியது இல்லை' என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி. நோயாளி குணமடைந்தார். உறவினரிடம் ஒப்படைக்கப்படுகிறார்.

"கையெழுத்துப் போட்டுட்டு நீங்க அவங்களை அழைச்சிட்டுப் போகலாம்" என்றார், தாளைப் பார்த்துக்கொண்டே.

போட்டேன். பலகையைப் பிடுங்கினார்கள், கயிற்றைச் சுருட்டினார்கள், தள்ளுவண்டி சேற்றில் குதித்துக் குதித்துப் போனது. நர்ஸம்மா வெப்பமானியை உருவித் துடைத்தது. என்னைப் பார்க்காமல், "இனி கஞ்சி வைக்க மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தது. எல்லாரும் போன பிறகு குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தேன். விளக்கு போய் இவ்வளவு நேரமாகியும் அது ஆறவில்லை.

மச்சினன் இடுகாட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். தூறல் பிடித்துக்கொண்டது.

"ஏறுங்க மாமா, நனையுறீங்க."

பின்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம்.

"நீ முன்னால போ மாப்ள" என்றேன். "நாங்க நடந்து வர்றோம்."